வராந்தாவில் கேட்கப்படும் கேள்விகள்



கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. காலை எட்டரை மணிக்குப் பாரதியார் வீதியில் மறுபடியும் சைக்கிள் மணிச் சத்தம். நிரவியிலிருந்தும் திருநள்ளாற்றிலிருந்தும் வரும் பஸ்களில் படிக்கட்டு வரை சீருடை. புது நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியோ 786-ஓ சிலுவையோ எழுதி வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்க்கவே மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

இந்தச் சமயத்தில் பெற்றோர்கள் நம்மைக் கண்டால் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த டியூஷன் நல்லது, எந்த கைடு வாங்கலாம், விடியற்காலையில் எழுந்து படிக்கச் சொல்வதா, இரவில் கண்விழிக்கச் சொல்வதா? எல்லாமே வகுப்புக்கு வெளியே நடக்கும் படிப்பு. பிள்ளை தினமும் ஏழெட்டு பீரியடு வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறதே, அந்த நேரத்தில் அது என்ன செய்ய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. போய் உட்கார்ந்தால் தானாக மண்டையில் ஏறிவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். “சத்தம் போடாம கவனி” என்பதற்கு மேல் வீட்டிலும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன். மாணவர்கள் படியுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

காரைக்கால் பிள்ளைகளுக்கு இது இப்போது அவசரமான விஷயம். நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாக இருக்கும் ஊர் நம்முடையது. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், பூவத்தைத் தாண்டினால் தரங்கம்பாடிப் பக்கம். புதுச்சேரி அரசின் கீழ் இருந்தாலும் நெடுங்காலமாகத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தைத்தான் படித்தோம். நாகூரில் இருக்கும் பெரியம்மா மகன் படித்து முடித்த புத்தகம் அடுத்த ஆண்டு டி.ஆர்.பட்டினத்துக்கு வந்துவிடும். தொடக்க வகுப்புகளில் முன்பே நுழைந்திருந்த சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், 2023-24 கல்வியாண்டில் நம் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றாம் வகுப்புக்கும் வந்தது. 2025-இல் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை அந்தத் திட்டத்தில் முதல் முறையாக எழுதினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு புத்தகம், அந்தப் பக்கம் ஒரு புத்தகம் என்று ஆகிவிட்டது. அண்ணன் புத்தகமும் இல்லை, அக்காவின் நோட்டும் இல்லை. வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை. இந்த நிலையில் இருக்கிற பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு துணை எது?

தேர்வும் மாறியிருக்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. வினாத்தாளில் பாதி அளவுக்கு, படித்ததைப் புதிய சூழ்நிலையில் பொருத்திப் பார்க்கச் சொல்லும் கேள்விகள். பாடத்தின் பின்பக்கக் கேள்வி பதிலை மனப்பாடம் செய்தால் அந்தப் பாதியில் தடுமாறத்தான் வேண்டும். பொதுத்தேர்வின் 80 மதிப்பெண் போக, மீதி 20 பள்ளியிலேயே ஆண்டு முழுவதும் பார்த்துப் போடுவது. ஆங்கிலத்தில் கேட்கும் திறனும் பேசும் திறனும்கூட அந்த மதிப்பீட்டுக்குள் வருகின்றன. வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளை அந்த இடத்தில் என்ன செய்யும்?

சென்ற ஆண்டு நம் கொம்யூன் ஒன்றில் இருக்கும் அரசுப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு பீரியடு முழுக்க உட்கார்ந்து பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அறிவியல் பாடம். பொருள்கள் ஏன் மிதக்கின்றன, ஏன் முழுகுகின்றன என்று ஆசிரியை நடத்திக்கொண்டிருந்தார். கண்ணாடி முகவையில் தண்ணீர் ஊற்றி ஓர் இரும்பு ஆணியைப் போட்டார், முழுகியது. கார்க் துண்டைப் போட்டார், மிதந்தது. தண்ணீரைவிட அடர்த்தி அதிகமானது முழுகும், குறைவானது மிதக்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை சொன்னார். நன்றாகத்தான் நடத்தினார். “புரிஞ்சுதா?” என்றார். “புரிஞ்சுது மிஸ்!” என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. மணி அடித்தது.

வெளியே வந்தால் வராந்தாத் தூண் அருகில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தி பட்டினச்சேரிப் பக்கத்துப் பிள்ளை. “ஏய், ஆணி முழுகுதுல்ல? நம்ம துறைமுகத்துக்கு வர்ற கப்பல் மொத்தமும் இரும்புதானே. அது எப்படிடி மிதக்குது?”

“இத மிஸ்கிட்ட கேட்டிருக்கலாம்ல?”

“போடி, எல்லாரும் சிரிப்பாங்க.”

நாற்பது நிமிடப் பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான். அடர்த்தி என்பதைப் பிடித்துக்கொண்டு, தன் ஊர்க் கடலில் தினமும் பார்க்கும் ஒன்றோடு அதை மோதிப் பார்த்திருக்கிறது அந்தப் பிள்ளை. பாடம் புரியாதவர்களால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. பாடத்தை வகுப்பிலேயே மிக நன்றாகக் கவனித்தவள் அவள்தான், அவளே வாய் திறக்கவில்லை. ‘புரிஞ்சுது மிஸ்’ என்று கத்திய மற்றவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமலே வீட்டுக்குப் போனார்கள்.

அந்தப் பிள்ளையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு ஆசிரியையிடம் சொன்னேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். மறுநாள் டிபன் கட்டும் அலுமினியத் தாள் இரண்டு துண்டு கொண்டுவந்தாராம். ஒன்றை நன்றாகக் கசக்கி, அடித்து, இறுக்கமான உருண்டையாக்கித் தண்ணீரில் போட்டிருக்கிறார், முழுகியது. அதே அளவு இன்னொரு துண்டின் ஓரத்தை மடித்துச் சின்னப் படகாகச் செய்து விட்டிருக்கிறார், மிதந்தது. கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றையும் சேர்த்து மொத்தமாகப் பார்த்தால் அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும் அளவுக்கு அது இறங்கி, அதோடு நின்றுவிடுகிறது. இந்த விளக்கம் வகுப்புக்கு வந்ததற்கு ஒரே காரணம் வராந்தாவில் பிறந்த அந்தக் கேள்வி.

நம் வகுப்புகளில் எத்தனை கேள்விகள் இப்படி வராந்தாவிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் பஸ் நிறுத்தத்திலும் போய்விடுகின்றன என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடக்கமாக இருப்பதுதான் நம் மரபு, கேள்வி கேட்பது மேல்நாட்டுப் பழக்கம் என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். அவர்கள் நன்னூலை ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல் அது. எழுத்துக்கும் சொல்லுக்கும் போவதற்கு முன்னால், பாயிரத்தில், ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர் எப்படி இருக்க வேண்டும், பாடத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்று விரிவாகப் பேசுகிறார். மாணவர்களை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று பிரிப்பதை நம் தமிழாசிரியர்கள் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அது ஆசிரியர் மாணவரை எடைபோடுவது. மாணவருக்கு உதவுவது அதற்குப் பிறகு வருகிற பகுதி.

எழுதிய சித்திரம் போல அசையாமல் இருந்து, காதையே வாயாக்கிக் கேட்க வேண்டும் என்கிறார் பவணந்தியார். ஆனால் அங்கே நிறுத்திவிடவில்லை. கேட்டதை மீண்டும் நினைத்துப் பார்ப்பது, மறுபடி ஆசிரியரிடம் போய்த் தெளிவது, நன்றாகப் படிக்கும் தோழரோடு சேர்ந்து பயில்வது, தான் கேள்வி கேட்பது, பிறர் கேட்டால் விடை சொல்வது என்று மாணவர் செய்ய வேண்டியதை அடுக்குகிறார். அசையாமல் இருக்கச் சொன்னவரேதான் கேள்வி கேட்கவும் சொல்கிறார். இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

அதைவிட ஆச்சரியம் அவர் போடும் கணக்கு. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குக்கு மேல் மாணவருக்குப் பிடிபடாது என்கிறார். இன்னொரு கால் பங்கு உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் வரும். மீதி அரைப் பங்கு? நாமே பிறருக்கு எடுத்துச் சொல்வதில்தான் வரும். வகுப்பில் வாயே திறக்காமல் முழுக் கவனத்தோடு உட்கார்ந்திருக்கும் மிக நல்ல பிள்ளைக்கும் நூற்றுக்கு இருபத்தைந்துதான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஆசிரியர் தன் பாடத்தின் பலனைக் கால் பங்கு என்று தானே மதிப்பிட்டிருக்கிறார். பாடம் நடத்திப் பழகிய ஒருவருக்குத்தான் இந்த நேர்மை வரும்.

இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் ஒரு முறையைச் சொல்கிறேன், பவணந்தியார் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர். 1990-களில் தன் வகுப்பை அவர் மாற்றி அமைத்தார். சிறிது நேரம் விளக்குவார். பிறகு ஒரு கேள்வி போடுவார். ஒவ்வொருவரும் முதலில் தனியாக ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடை ஏன் சரி என்று விளக்க வேண்டும். அப்புறம் மறுபடி விடை. இரண்டாம் முறை சரியான விடை சொல்பவர்கள் அதிகமாகிறார்கள். இப்போதுதான் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, எங்கே இடறும் என்பது நன்றாக நினைவிருக்கும். பல ஆண்டுகளாகத் தெரிந்து வைத்திருக்கும் பேராசிரியருக்கு அது மறந்தே போயிருக்கும். அதே பல்கலைக்கழகத்தில் 2019-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, தெளிவான விரிவுரையைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த மாணவர்களையும், வகுப்பிலேயே சேர்ந்து கணக்குப் போட்ட மாணவர்களையும் ஒப்பிட்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்களுக்கு நிறையப் புரிந்ததாக நினைத்தார்கள். தேர்வில் அதிகம் எடுத்தது கணக்குப் போட்டவர்கள். ‘புரிஞ்சுது மிஸ்’ என்று நாம் மனசாரச் சொல்லும்போதும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இனி நம் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றி. காரைக்காலிலிருந்து பொறையாறு, ஆக்கூர், செம்பனார்கோயில் வழியாகப் பஸ்ஸில் போனால் வருவது மயிலாடுதுறை. அன்று அது மாயூரம். 1871-இல் ஓர் இளைஞரை அவருடைய தந்தை அங்கே அழைத்துக்கொண்டு வந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்க வேண்டும் என்பது பையனின் ஒரே ஆசை. பிள்ளையவர்கள் சேர்த்துக்கொண்டார். ஆனால் உடனே தானே பாடம் சொல்லவில்லை. முதலில் தம் மாணவர் சவேரிநாத பிள்ளையிடம் நைடதம் கேட்கும்படி விட்டார். பையன் அதையும் மனம் ஒன்றித்தான் கேட்டான். ஆனாலும் பிள்ளையவர்கள் வாயாலேயே பாடம் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் தீரவில்லை. எப்படிக் கேட்பது? கேட்கப் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

பிள்ளையவர்களுக்கு மரம் செடி என்றால் உயிர். வீட்டுத் தோட்டத்தில் மரங்களைக் கொண்டுவந்து நட்டிருந்தார். தினமும் விடியற்காலை எந்த மரத்தில் எங்கே தளிர் விட்டிருக்கிறது என்று தேடிப் பார்ப்பார். பையன் இதைக் கவனித்தான். அவருக்கு முன்னால் எழுந்து, தோட்டத்துக்குள் போய், எந்தக் கிளையில் புதுத் தளிர் என்று பார்த்து வைத்துக்கொண்டான். பிள்ளையவர்கள் வந்ததும் “இதோ இந்த இடத்தில் விட்டிருக்கிறது” என்று காட்டினான். அவருக்கு மகிழ்ச்சி. தினமும் காலையில் பேச்சு வளர்ந்தது. ஒரு நாள் அந்த நெருக்கத்தில் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளையவர்களே பாடம் சொன்னார். அந்தப் பையன் உ.வே.சாமிநாதையர். ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘என் சரித்திர’த்தில் இந்த அத்தியாயத்துக்குத் ‘தளிரால் கிடைத்த தயை’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

இதை ஆசிரியரைக் காக்காய் பிடித்த கதையாக யாராவது எடுத்துக்கொண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆசிரியரை ஒரு மனிதராகக் கவனித்த மாணவனின் கதை இது. வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமா கவனிப்பு? இவருக்கு எதில் ஆர்வம், எந்த நேரத்தில் மனம் திறந்திருக்கிறார், எப்போது கேட்டால் பொறுமையாகச் சொல்வார் என்று அறிவதும் கவனிப்புதான். பாடம் கேட்கும் மாணவர் ஆசிரியரின் குணம் அறிந்து பழக வேண்டும் என்று பவணந்தியாரும் சொல்லியிருக்கிறார். உங்கள் கணக்கு சாருக்கு வகுப்பு நடுவில் நிறுத்தினால் ஓட்டம் விட்டுப்போகும் என்றால், கடைசி ஐந்து நிமிடத்துக்குக் கேள்வியைக் குறித்து வையுங்கள். வரலாறு மிஸ் நடுவில் கேட்பதை விரும்புகிறாரா, உடனே கையைத் தூக்குங்கள். இதெல்லாம் ஒரு வாரம் கூர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

1876-இல் பிள்ளையவர்கள் மறைந்த பிறகு சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்தில் மற்ற மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். 1880-இல் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். நன்னூல் சொல்லும் அரைப் பங்கு அவருக்கு அங்கேதான் சேர்ந்தது.

சரி, நாளைக்கு வகுப்பில் என்ன செய்யலாம்?

நம் காரைக்கால் பண்பலையைக் கேட்கிறோம். நமக்கு ஒரு வரி விட்டுப்போனால் வானொலி நிற்காது, நாம் கைதூக்கினாலும் அறிவிப்பாளருக்குத் தெரியாது. வகுப்பறையில் நின்று பேசுகிறவர் நம் முகத்தைப் பார்க்கிறார். நெற்றி சுருங்கினால் நிறுத்துவார், கேட்டால் திரும்பச் சொல்வார். அந்த வசதி இருந்தும் வகுப்பை வானொலியாகவே கேட்டுவிட்டு வருகிறோம்.

முதலில், முதல் நாள் மாலையே அடுத்த பாடத்தை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். பத்து நிமிடம் போதும். புரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரியாத ஆங்கிலச் சொற்களைப் பென்சிலால் அடிக்கோடு போட்டால் போதும். மறுநாள் அந்தச் சொல் ஆசிரியர் வாயிலிருந்து வரும்போது காது தானாக நிமிரும். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிக்கு மாறிய பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டாம். கை ஓடும்போது காது பின்தங்கிவிடும். ஒரு விளக்கம் முடியும் வரை கேட்டுவிட்டு, உங்கள் வார்த்தையில் இரண்டு வரி எழுதுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தாலும் குறைவில்லை, நோட்டு உங்களுக்காகத்தான். எந்த இடத்தில் நூல் அறுந்ததோ அந்த இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பீரியடு முடிந்ததும் நோட்டை மூடிவிட்டு, இன்று என்ன நடத்தினார்கள் என்று மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அது அதிகம் நினைவிருந்தது.

கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. “புரியல மிஸ்” என்று மட்டும் சொன்னால், எங்கிருந்து மறுபடி தொடங்குவது என்று அவருக்குத் தெரியாது. “ஆணி ஏன் முழுகுதுன்னு புரிஞ்சுது மிஸ். ஆனா கப்பல் இரும்புதானே?” என்றால், நீங்கள் எதுவரை வந்திருக்கிறீர்கள், எங்கே நின்றுவிட்டீர்கள் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஆங்கிலம் வரவில்லையா, தமிழில் கேளுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மொழிக்குப் பயந்து கேள்வியை விழுங்கினால் பாடமும் போகும், மொழியும் வராது. திருவேட்டக்குடியில் என்.ஐ.டி.யில் சேர்ந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். பல மாநிலத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும்போது நம் உச்சரிப்பைக் கேலி செய்வார்களோ என்ற தயக்கம் இயற்கை. முதல் வாரத்தில் ஒரு சின்னக் கேள்வி கேட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்பது அதைவிடக் கஷ்டம்.

இன்னொன்று. ஆசிரியர் பேசும்போது கவனிக்கும் பிள்ளைகள்கூட, பக்கத்து பெஞ்சுத் தோழன் எழுந்து விடை சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். அவன் சொல்வதும் பாடம்தான். அவன் தவறாகச் சொன்னால் எங்கே தவறு என்று யோசியுங்கள். சரியாகச் சொன்னால் நீங்கள் அதை வேறு விதமாகச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். எல்லாக் கேள்விக்கும் முதல் ஆளாகக் கைதூக்கும் பிள்ளைகளே, உங்கள் ஆர்வம் எனக்குப் பிடிக்கும். வாரத்தில் சில முறையாவது பேசாத தோழிக்கு இடம் விடுங்கள். அவள் சொல்லத் தொடங்கினால் முடிக்கும் வரை பொறுத்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்பது அந்தச் சிரிப்புதான். சபையில் பேசுவதற்கு அஞ்சுவது புதிய வியாதி ஒன்றும் இல்லை. வள்ளுவர் கேட்பதற்கு ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரம் வைத்தது போலவே, ‘அவையஞ்சாமை’ என்று தனியாக ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். படித்தும் சபைக்கு அஞ்சுபவர்கள் அவர் காலத்திலும் நிறைய இருந்திருக்க வேண்டும். ஆனால் இந்த அச்சத்தைப் போக்கும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் மட்டும் வைக்கக் கூடாது. ஒருத்தி கேள்வி கேட்கும்போது வகுப்பு சிரித்தால், அந்த வகுப்பில் இனி யாரும் கேட்க மாட்டார்கள். சிரிக்கிறவர்களுக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கும், அவர்களும் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். பக்கத்தில் சிரிக்கிறவனைப் பார்த்து “டேய், கேக்கட்டும்டா” என்று சொல்லும் ஒரே ஒரு மாணவன் போதும், வகுப்பின் காற்றே மாறும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளில் பதிவுசெய்து பார்த்தார். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருந்தது ஏறக்குறைய ஒரே விநாடி. அதை மூன்று விநாடியாக நீட்டியபோது விடைகள் நீளமாயின. வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். மாணவர்கள் தாங்களாகவும் கேள்வி கேட்டார்கள். மூன்று விநாடி மௌனம் வகுப்பில் நீளமாகத்தான் தெரியும். ஆங்கிலத்தில் கேட்டதை மனசுக்குள் தமிழாக்கி, விடையைத் தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலமாக்க வேண்டிய நம் பிள்ளைகளுக்கு அதைவிடவும் கூடுதல் நேரம் வேண்டும். “புரிஞ்சுதா?” என்பதற்குப் பதில் “இதை உங்க வீட்டுல தம்பிக்கு எப்படிச் சொல்வே?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரே குரலில் பதில் வராது.

வீட்டுக்கும் பங்கு உண்டு. பசித்த பிள்ளைக்குக் காது கேட்காது. 1930-லேயே பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரிப் பகுதியில் பள்ளிகளில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது என்பது நமக்குப் பெருமை. ஆனால் காலைச் சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளைக்கு மதியம் வரை நான்கு பீரியடு போய்விடுகிறது. இரவு பதினோரு மணி வரை போனைப் பார்த்த கண்ணுக்கு முதல் பீரியடு தாலாட்டுதான். கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் படகு கரைக்கு வரும் நேரத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கூடமாட உதவிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் அசந்து உட்கார்ந்திருந்தால் அதைக் கவனக்குறைவு என்று யாரும் எழுதிவிடக் கூடாது. மாலையில் பிள்ளை வந்ததும் “ஹோம்வொர்க் என்ன?” என்பதோடு, “இன்னைக்கு என்ன கேள்வி கேட்டே?” என்றும் கேளுங்கள். படிக்காத அம்மாவும் இதைக் கேட்கலாம். பிள்ளை அம்மாவுக்கு விளக்கிச் சொல்லும்போது அந்த அரைப் பங்கு உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே சேரும்.

கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கும்பகோணத்துக்கே திரும்பிப் போகலாம். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. அந்த ஊர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போயிருந்தார் சாமிநாதையர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று சொல்லிக்கொண்டே போனார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. அதன் ஏட்டைக்கூட இவர் பார்த்ததில்லை. கல்லூரி ஆசிரியருக்கு இப்படி ஒரு கேள்வி சங்கடம்தான். ஆனால் அவர் அதோடு விட்டுவிடவில்லை. முதலியார் கொடுத்த பிரதியை வைத்துப் படித்தார். புரியாத இடங்கள் நிறைய. சமண நூல் ஆகையால் கும்பகோணத்தில் ஜைனர் வீடுகளைத் தேடிப்போய், பாடம் கேட்கும் மாணவராகவே உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். கல்லூரியில் ஆசிரியர், அந்த வீடுகளில் மாணவர். 1887-இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. அதைத் தொடர்ந்து பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. இன்று நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் பழந்தமிழ் நூல்களுக்குப் பின்னால், ஒரு முன்சீப் கேட்ட கேள்வியும் அதற்கு “தெரியாது” என்று நேராகச் சொன்ன ஓர் ஆசிரியரும் இருக்கிறார்கள்.

வாசகர்களுக்கு ஓர் அறிவிப்போடு முடிக்கிறேன். அடுத்த இதழிலிருந்து நடுப்பக்கங்கள் இரண்டை மாணவர்களுக்கு விடுகிறோம். வகுப்பில் கேட்க நினைத்து, கேட்காமல் வந்த கேள்வியை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எந்தப் பாடமானாலும் சரி, எந்த வகுப்பானாலும் சரி, தமிழிலோ ஆங்கிலத்திலோ. பெயர் போட விருப்பமில்லை என்றால் வகுப்பை மட்டும் எழுதினால் போதும். நம் மாவட்டத்து ஆசிரியர்கள் சிலர் விடை எழுத முன்வந்திருக்கிறார்கள். விடை தெரிந்த மாணவர்களும் எழுதலாம், அவர்களுடைய விடையைத்தான் முதலில் போடுவோம். கப்பலைப் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளை இரண்டாவதாக ஒரு கேள்வியை இப்போதே கொடுத்துவிட்டாள்: ஆற்றுத் தண்ணீரில் கப்பல் கொஞ்சம் கூடுதலாக இறங்குமாமே, அரசலாற்று முகத்துவாரத்தில் விட்டால் எவ்வளவு இறங்கும்? அந்த நடுப்பக்கங்களில் முதலாவதாக அதைத்தான் போடப்போகிறோம். மற்ற இடம் உங்களுக்காகக் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்